320 ஜி.பி. எப்படி 256 ஆனது?

இது நீளமான பதிவு. டீச்சர் வகுப்பெடுக்க ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கடைசித் தங்கையின் மகள் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். இந்த ஆண்டு அரசு கொடுக்கும் மடிக்கணினி அவளுக்கும் வந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை வரி விடாமல் படித்துவிட்டுக் கேட்டாள்: “பெரியம்மா, அண்ணனுக்கு 2011-ல குடுத்த லேப்டாப்புல 320 ஜி.பி. இருந்துச்சு. எனக்கு 256தான் போட்டிருக்கு. பதினாலு வருஷம் கழிச்சுக் கொறச்சா குடுப்பாங்க?”

அவள் கேட்டது குடும்ப வாட்ஸப் குழுவில். அடுத்த அரை மணி நேரத்தில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆட்சி நல்லது என்பது வரை போய்விட்டது. கேள்விக்குப் பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதே வாரம், 2012-ல் நம் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பரணில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பைத் தன் மகனுக்காக எடுத்திருக்கிறான். “டீச்சர், பூட் ஆகறதுக்குள்ள சாதம் வெந்துடுது. எஸ்.எஸ்.டி. போடச் சொல்றாங்க, ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்குன்னும் சொல்றாங்க. இல்ல, காயலான் கடையில போட்டுடலாமா?” என்றான்.

நான் கணிப்பொறி ஆசிரியை அல்ல, வரலாற்று ஆசிரியை. ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: கமெண்ட்டில் கட்சி வேண்டாம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்று கணக்கு. எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியது. உலகில் எந்த அரசும் ஒரே மூச்சில் அவ்வளவு மடிக்கணினிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை என்று அப்போது பேசிக்கொண்டோம். 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் ஒரு பக்கம், சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபக்கம். நம் பிள்ளைகள் பாஸ் லினக்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்பது வேறு கதை.

அந்த 320 ஜி.பி. எங்கே இருந்தது? உள்ளங்கை அகலமுள்ள ஓர் அலுமினியப் பெட்டிக்குள். அதற்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு வட்டு. அந்த வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். வட்டின் மேல், கிராமபோன் ஊசியைத் தாங்கும் கை மாதிரி ஒரு கை. ஊசி இசைத்தட்டைத் தொடும். இந்தக் கையின் முனை தொடாது. வட்டு சுழலும்போது எழும் காற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த இடைவெளி எவ்வளவு என்று புரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 5,400 என்றால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. நமக்கு வேண்டிய தகவல் கையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லிநொடி. அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு பன்னிரண்டு மில்லிநொடி என்று வையுங்கள். மொத்தம் பதினேழு, பதினெட்டு. ஆக, வட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு ஐம்பது, அறுபது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. கணிப்பொறி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. சாதம் வெந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். கணிப்பொறியின் மூளை சோம்பேறி அல்ல. அது கையைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஹார்டு டிஸ்க் பிறந்தது 1956-ல். ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் செய்தது, பெயர் ராமாக். 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது வட்டுகள், இரண்டு பீரோ அளவு, ஒரு டன்னுக்கு மேல் எடை. அதில் பதிய முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று நீங்கள் காலை வணக்கத்துக்கு அனுப்பும் பூங்கொத்துப் படங்கள் நாலைந்து சேர்ந்தால் அதை நிரப்பிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வந்தது 1973-ல். கணிப்பொறி என்றால் குளிரூட்டிய தனிக் கட்டடம் என்ற காலம் அது. 1980-ல் சீகேட் நிறுவனம் மேசைக் கணிப்பொறிக்குள் அடங்கும் முதல் ஹார்டு டிஸ்கை விற்றது, 5 எம்.பி. அங்கிருந்து 320 ஜி.பி. வரை முப்பது ஆண்டுகளில் அறுபத்து நாலாயிரம் மடங்கு. காந்தத்தின் மிக நுண்ணிய மாற்றத்தையும் உணரும் வழியை 1988-ல் ஃபெர்ட், குருன்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்ததால் கிடைத்த பாய்ச்சல் இதில் பெரியது. 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீங்கள் படம் பார்க்கப் பயன்படுத்திய பெட்டிக்குள் நோபல் பரிசு ஒன்று இருந்தது.

2011 அக்டோபரில், நம் திட்டம் தொடங்கி ஒரு மாதத்துக்குள், தாய்லாந்தில் பெருவெள்ளம். செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்த செய்தி. ஆனால் உலகின் ஹார்டு டிஸ்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்த ஒரு நாட்டில்தான் தயாரானது. பாங்காக்குக்கு வடக்கே பாங் பா-இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலை நீரில் மூழ்கியது. முக்குளிப்பவர்களை இறக்கி எந்திரங்களை எடுத்தார்கள். உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை சில வாரங்களில் இரட்டிப்பானது. சென்னை ரிச்சி தெருவில் அந்தத் தீபாவளிச் சமயத்தில் டிஸ்க் வாங்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நம் வீட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அரை மணி நேரப் பயணம். அங்கே டெல் நிறுவனம் 2007 முதல் கணிப்பொறி பூட்டிக்கொண்டிருந்தது. பூட்டுவது இங்கே, உள்ளே இருக்கும் வட்டு வருவது வெளியே இருந்து. ஒரு நதி கரை உடைந்தால் இன்னொரு நாட்டில் ஒரு பொருளின் விலை ஏறும் என்பதைப் பருத்தி, மிளகு வாணிபத்தில் நான் உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இது அதே பாடம்தான்.

அந்த வெள்ளம் இன்னொன்றையும் செய்தது. ஹார்டு டிஸ்க் விலை ஏறியதால், அதுவரை “யானை விலை” என்று ஒதுக்கியிருந்த எஸ்.எஸ்.டி. பக்கம் கணிப்பொறி செய்பவர்களும் வாங்குபவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

எஸ்.எஸ்.டி. திடீரென்று முளைத்ததல்ல. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் வித்து. வட்டு இல்லை, கை இல்லை, மோட்டார் இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எலக்ட்ரான்களைச் சிறைவைத்தால் ஒரு குறி, விடுவித்தால் இன்னொரு குறி. மொத்தமாக ஒரே நேரத்தில் அழிக்க முடிந்ததால், புகைப்படக்காரரின் ஃபிளாஷ் போலிருக்கிறது என்று அவருடைய சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர் நிலைத்தது. 1991-ல் ஐ.பி.எம். மடிக்கணினிக்காகச் செய்யப்பட்ட ஃபிளாஷ் டிஸ்கின் அளவு 20 எம்.பி.; விலை சுமார் ஆயிரம் டாலர். வேறு யார் வாங்குவார்கள்?

பிள்ளைகளுக்கான கணிப்பொறியில் வட்டு வேண்டாம் என்று துணிந்தவர்கள், “ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி” என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பினர். 2007-ல் அவர்கள் செய்த பச்சை வெள்ளை மடிக்கணினியில் ஹார்டு டிஸ்கே கிடையாது, 1 ஜி.பி. ஃபிளாஷ் மட்டும். குழந்தை கீழே போடும் என்பதுதான் காரணம். எனக்கு இது நூற்றுக்கு நூறு நியாயமாகப் படுகிறது. பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள், பிளஸ் டூவில் அரசு லேப்டாப். அந்த சைக்கிள் கேரியரில் இந்த லேப்டாப்பை வைத்துக் கட்டிக்கொண்டு, அதுவும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடி வைத்துக்கொண்டு, வெள்ளவேடு பக்கமிருந்து நம் ஊருக்கு அந்தச் சாலையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிற கை, பள்ளத்தில் இறங்கும்போது வட்டை உரசினால் அந்த இடத்தில் இருந்த தகவல் போனதுதான். அந்த வட்டுகள் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே அதிசயம்.

அப்படியென்றால் 2011-லேயே எஸ்.எஸ்.டி. கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றைக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றின் விலை, அந்த முழு மடிக்கணினியின் விலையைவிட அதிகம். 32 ஜி.பி. கொடுத்திருக்கலாம். விண்டோஸ் பாதி தின்றபின் மீதியில் பாடமும் படமும் எப்படி வைப்பது? 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க் அன்றைக்குச் சரியான தேர்வு. யார் ஆட்சியில் இருந்திருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

2025-ல் கதை தலைகீழ். காரணம் விலை இறங்கிய விதம். ஹார்டு டிஸ்கில் மோட்டார் ஒன்று, வட்டு ஒன்று, கை ஒன்று, அலுமினியக் கூடு ஒன்று கட்டாயம். 100 ஜி.பி. போதும் என்றாலும் அத்தனையும் வேண்டும். அதனால் அதன் விலைக்கு ஒரு தரைமட்டம் உண்டு. அதற்குக் கீழே இறங்காது. ஃபிளாஷ் அப்படியில்லை. கால் கிலோ வேண்டுமென்றால் கால் கிலோ நிறுத்துக் கொடுக்கலாம். சில்லு மலிவாக மலிவாக, சின்ன அளவுகளில் முதலில் எஸ்.எஸ்.டி. வென்றது, பிறகு நடுத்தர அளவில். இன்றைக்கும் எட்டு, பத்து, இருபது ஆயிரம் ஜி.பி. என்று பேசினால் ஹார்டு டிஸ்க்தான் மலிவு. அதனால்தான் ஒரு காலத்தில் சைக்கிளுக்குப் பேர்போன அம்பத்தூரில் இப்போது எழும்பியிருக்கிற டேட்டா சென்டர்கள் மாதிரியான இடங்களில், நீங்கள் என்றோ ஏற்றிவிட்டு மறந்துபோன படங்களை இன்னும் பெரும்பாலும் சுற்றுகிற வட்டுகளே சுமக்கின்றன.

இந்த ஆண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மடிக்கணினியில் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என் தங்கை மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அண்ணனுக்குக் கிடைத்தது பெரிய கிடங்கு, ஆனால் ஒரே ஒரு கிழட்டு வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு நடந்து நடந்து எடுத்துத் தர வேண்டும். உனக்குக் கிடைத்தது கொஞ்சம் சின்ன அறை, கை நீட்டினால் எல்லாம் எட்டும். எஸ்.எஸ்.டி.யில் ஒரு துண்டைத் தேடி எடுக்கப் பத்தில் ஒரு மில்லிநொடிதான் ஆகும். பதினேழு எங்கே, பத்தில் ஒன்று எங்கே!

“ஆனா 238-னுதானே காட்டுது?” என்றாள் அடுத்து. கெட்டிக்காரி. செய்பவர்கள் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதை 1,024-ன் மடங்கில் எண்ணுகிறது. அதனால் 256 என்பது 238 ஆகத் தெரியும். அண்ணனுடைய 320-உம் அன்றைக்கு 298 என்றுதான் தெரிந்திருக்கும். பெரிய படி, சின்ன படி வித்தியாசம். அளக்கப்பட்ட நெல் ஒன்றுதான்.

சரி, ஹைப்ரிட். இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம், பாவப்பட்ட பாத்திரமும்கூட. எஸ்.எஸ்.டி. விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, ஒரே பெட்டிக்குள் பெரிய வட்டையும் கொஞ்சம் ஃபிளாஷையும் சேர்த்து வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது சாம்சங், சீகேட் இரண்டும் அப்படிச் செய்தன, எடுபடவில்லை. 2010-ல் சீகேட் மறுபடி முயன்றது: 500 ஜி.பி. வட்டு, கூடவே 4 ஜி.பி. ஃபிளாஷ். நீங்கள் அடிக்கடி தொடும் கோப்புகள் எவை என்று அந்தப் பெட்டியே கவனித்து, அவற்றை மட்டும் ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். பிறகு 8 ஜி.பி. ஆக்கினார்கள். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு. தினம் தினம் ஒரே நாலு வேலை செய்பவருக்கு உண்மையிலேயே வேகம் தெரிந்தது. புதிதாக ஒன்றைத் திறந்தால் பழைய ஆமை. வட்டு சுழன்றுகொண்டே இருந்ததால் கீழே விழுந்தால் உடையும் பயமும் போகவில்லை. ஃபிளாஷ் விலை இறங்க இறங்க, இரண்டாவது அடுப்பு மட்டுமே போதும் என்று ஆகிவிட்டது. இன்று கடையில் ஹைப்ரிட் என்று யாராவது ஒரு டிஸ்கை எடுத்துக் காட்டினால் அது பழைய சரக்கு. வாங்காதீர்கள்.

ஆனால் ஹைப்ரிட் செய்தவர்களின் யோசனை தப்பானதல்ல. வேகமாக வேலை செய்ய ஒரு பொருள், காலத்துக்கும் வைத்திருக்க இன்னொரு பொருள் என்று பிரிப்பது நம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். திருவாலங்காட்டுச் செப்பேடுகளை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1905-ல் கிடைத்தவை, 31 ஏடுகள், வளையத்தில் கோத்துச் சோழர் முத்திரை வைத்தவை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு முதலாம் ராஜேந்திரன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. தேர்வுக்கு அதுவரை எழுதினால் போதும்.

தேர்வில் கேட்காதது ஒன்று உண்டு. அரசன் வாய்மொழியாக ஆணையிடுவான். அதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் உடனே பனையோலையில் எழுதுவார். ஓலைநாயகம் சரிபார்ப்பார். வரிப் புத்தகத்தில் பதிவார்கள். சோழர் ஆவணங்களில் வரும் “வரியிலிட்டு” என்ற சொல் அதுதான். இதெல்லாம் ஓலையில் நடக்கும் வேலை. ஓலை மலிவு, எடை இல்லை, எழுத்தாணி ஓடும் வேகத்தில் எழுதலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் செம்பில் வெட்டுவார்கள், அல்லது கோயில் சுவரில். செம்பில் வெட்டுவது நாள்கணக்கில் ஆகும், திருத்தவும் முடியாது. அன்றாட அலுவலைச் செம்பில் நடத்தியிருந்தால் சோழ அரசு ஒரு மாதத்தில் ஸ்தம்பித்திருக்கும். கொடையை ஓலையோடு விட்டிருந்தால் இன்று நமக்குப் பழையனூர் கதையே தெரிந்திருக்காது. அந்த ஓலைகள் ஒன்றுகூட இல்லை. கரையானும் ஈரமும் தின்றுவிட்டன. ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்தால்தான் உண்டு. நம் ஊர் ஆழ்வார் தம் ஓலைகளைக் குடந்தையில் காவிரியில் விட்டாராம். நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் மட்டும் எதிர்த்து நீந்தி வந்து அவரிடம் சேர்ந்ததாக ஐதீகம். மற்றவை போனவை போனவைதான். நம் டிஸ்குகளுக்கு எதிர்நீச்சல் தெரியாது.

ஆகவே பரணிலிருந்து லேப்டாப்பை எடுத்தவனுக்கு என் பதில். காயலான் கடைக்குப் போடாதே. அந்த லேப்டாப்பில் டிஸ்க் இருக்கும் இடம் இரண்டரை அங்குல சாட்டா வகை. அதே அளவில், அதே பொருத்துவாயில் எஸ்.எஸ்.டி. கிடைக்கிறது, இரண்டு மூன்று திருகு கழற்றிப் போட வேண்டிய வேலை. 240 அல்லது 256 ஜி.பி. போதும். கூடவே ரேமை 4 ஜி.பி. ஆக்கிவிடு, ரேம் குறைவாக இருந்தால் எஸ்.எஸ்.டி.யும் திணறும். என் தம்பி மகனுடைய லேப்டாப்பில் இப்படித்தான் செய்தோம். நான் நிமிடக் கணக்கில் காத்திருந்த இடத்தில் இப்போது அரை நிமிடம் ஆவதில்லை. 2020-ல் கோயம்பேடு காய்கறிச் சந்தையையே நம் ஊருக்குக் கொண்டுவந்த அந்த ஊரடங்குக் காலத்தில், இரண்டு பிள்ளைகள் அதில்தான் ஆன்லைன் வகுப்பு படித்தார்கள். விலை மட்டும் விசாரித்துக்கொள்: செயற்கை நுண்ணறிவு மையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேமும் எஸ்.எஸ்.டி.யும் ஏறுமுகம்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கை எறியாதே. அதற்கென்று யு.எஸ்.பி. கேஸ் விற்கிறது, சில நூறு ரூபாய். அதில் போட்டால் வெளியே செருகும் டிஸ்க் ஆகிவிடும். கல்யாணப் படம், அப்பாவின் குரல், பத்திர நகல் எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி வை. உள்ளே ஓலை, வெளியே செம்பு என்று வைத்துக்கொள். செம்பு என்பது கொஞ்சம் மிகைதான். பதினாலு வயது வட்டை மட்டும் நம்பாமல், புதிதாக ஒரு வெளி டிஸ்கும் வாங்கி அதிலும் ஒரு பிரதி வைத்தால் நிம்மதி.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அறைகளை அழித்து எழுத ஒரு எல்லை உண்டு என்பது உண்மை. ஆனால் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பலவற்றுக்கு 100 டி.பி. அளவுக்கு எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு ஏழு டி.பி. சொச்சம்தான். பதிமூன்று ஆண்டு வரும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சிறைவைத்த எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. எழுதித் தேய்ந்துபோன எஸ்.எஸ்.டி. ஒன்று, 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமில்லாமல் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் பொது அளவுகோல். புதியது கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் சித்திரை மாதத்துப் பீரோ என்றால் 30 டிகிரியா? அதோடு, ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று இரவு நன்றாக இருந்துவிட்டு இன்று காலை பேசாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவு நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஏரி நமக்குப் பக்கத்தில். ஆனால் தண்ணீர் அடையாற்றில் போய்க் கீழே இருந்தவர்கள் வீட்டுக்குள் ஏறியது. முடிச்சூரில் இருக்கும் என் உறவினர் வீட்டில் இரண்டு கணிப்பொறி மூழ்கியது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை மின்சாரத்தில் செருகினார்கள். சேறு படிந்த வட்டு சுழன்ற அந்த நிமிடத்தோடு அது முடிந்தது. இன்னொன்றைச் செருகாமல் ஈரத்தோடு ஒரு டப்பாவில் வைத்துத் தகவல் மீட்பவரிடம் கொடுத்தார்கள். பெரும்பகுதி கிடைத்தது. வட்டு நனைந்தால் உடனே சாவதில்லை. நனைந்த வட்டைச் சுழலவிடுவதுதான் அதைக் கொல்கிறது. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

ரோஜா முத்தையா நூலகம் தெரியுமா? தரமணியில் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய தமிழ் நூல்களையும் நோட்டீசுகளையும் வைத்து 1994-ல் உருவானது. அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது கணிப்பொறியை அல்ல, நுண்படச் சுருளை. விளக்கும் ஒரு லென்சும் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் படிக்கலாம் என்பதால். பிறகு கணிப்பொறியிலும் ஏற்றினார்கள். அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். 2011-12 பிளஸ் டூ பிள்ளைகளே, உங்கள் ஆண்டு விழாவும், மகாபலிபுரம் சுற்றுலாவும், ஓய்வுபெற்ற தமிழய்யாவின் பிரிவு உபசார உரையும் படமாகவும் வீடியோவாகவும் இருந்தது உங்கள் லேப்டாப்புகளில் மட்டும்தான். அப்போது யாரிடமும் பெரிய போன் கிடையாது; கேமரா வைத்திருந்த பையன் எடுத்து எல்லாருக்கும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். அவனுடைய டிஸ்க் எப்போதோ போய்விட்டது, அவனே சொன்னான். பள்ளியில் ஒரு பிரதிகூட இல்லை. தமிழய்யா போன ஆண்டு காலமானார். அவருடைய குரல் வேண்டும் என்று அவர் மகள் என்னிடம் கேட்டிருக்கிறார்.

நாற்பத்து மூன்று பேர் அந்த வகுப்பில். இதுவரை எட்டுப் பேர் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். மூன்று பேர் லேப்டாப்பை விற்றுவிட்டார்கள். மற்றவர்கள் பரணைப் பாருங்கள். ஆன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. பேட்டரி செத்திருக்கும், டிஸ்க் உயிரோடு இருக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் திறக்காதீர்கள், ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துக் கழற்றிக்கொள்ளுங்கள். மற்றபடி பின்பக்கத் திருகுகளைக் கழற்றி டிஸ்கை மட்டும் எடுத்து, துணியில் சுற்றி, ஆட்டாமல் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கேஸும் ஒயரும் என்னிடம் இருக்கின்றன.